அருஞ்சுனைக்கு எந்த ஊர்?

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிர் வரிசையில் பூமிநாதனின் ஜெராக்ஸ் கடை. கடைக்கு மேலே ஓர் அறை. அந்த அறையில் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் மனைவி முருகலட்சுமி இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். படிக்கட்டின் அடியில் போர்டு தொங்குகிறது: 'ஆங்கில வகுப்பு. படிக்கவும் எழுதவும் மட்டும்.' அந்த 'மட்டு'மை எடுத்துவிடச் சொல்லிப் பூமிநாதன் மூன்று வருடமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"ஊரு பூராம் முப்பது நாள்ல இங்கிலீஷ் பேசலாம்னு போர்டு வச்சிருக்கான். நீ மட்டும் பேசவே மாட்டோம்னு எழுதித் தொங்கவிட்டிருக்க. எவன் வருவான்?"

"வர்றவுக வரட்டும். மனசுல இருக்கிறத ஒரு பக்கம் எழுதத் தெரிஞ்சவனுக்குப் பேச்சு தன்னால வரும். நீங்க ஜெராக்ஸ் எடுக்கிற வேலையப் பாருங்க."

பூமிநாதன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் அதுதான்.

வருகிறவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் எழுத்துத் தெரிந்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்போ டிகிரியோ முடித்தவர்கள். மாத்திரை அட்டையில் இருப்பதை வாசிப்பார்கள், பேங்க் படிவத்தை நிரப்புவார்கள். ஒரு முழுப் பக்கத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வியர்த்துக் கொட்டும். முருகலட்சுமி அவர்களைச் செல்லமாகப் 'பாதி வெந்ததுகள்' என்பாள். மெடிக்கல் கடையில் நிற்கிற சத்யபிரியா, மில் வேன் ஓட்டுகிற மதன்குமார், அங்கன்வாடி மாரிக்கனி, இப்படி. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இங்கிலீஷ் மேல் திடீர்ப் பாசம்.

முருகலட்சுமி ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்தவள் இல்லை. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில், வானத்தைப் பார்த்து விதைக்கிற வீட்டில் பிறந்து, மல்லிச்செடிக்கும் மிளகாய்க்கும் நடுவே வளர்ந்தவள். மதுரையில் எம்.ஏ. படித்தாள். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். அங்கே வருடத்துக்கு நான்கு கட்டுரை, நான்கையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். ஒரு நாள் ஒரு பொடியன் 'எங்கள் பூந்தோட்டம்' என்று ஒரு பிழையும் இல்லாமல் எழுதி நீட்டினான். "உங்க தோட்டத்துல என்னடா பூ இருக்கு?" என்று கேட்டாள். "எங்க வீட்ல தோட்டமே இல்ல மிஸ்" என்றான் அவன், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற முகத்தோடு. அன்றைக்குச் சாயங்காலமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான் வரும்.

ஆனால் பாதி வெந்ததுகளிடம் அந்தக் கோபமும் செல்லவில்லை. முதல் நாள், "நீங்க இங்க வந்த வழியப் பத்தி எழுதுங்க, போதும்" என்றாள். ஒன்பது பேரும் தலையைக் குனிந்து இருபது நிமிடம் எழுதினார்கள். வாங்கிப் பார்த்தால் ஒன்பதும் லீவ் லெட்டர். ஐந்து பேருக்குக் காய்ச்சல், மூன்று பேருக்கு அக்கா கல்யாணம். ஒருவருடைய தாத்தா இறந்தே போயிருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் சொந்தமாக எழுதிய ஒரே சமாசாரம் அதுதான் என்பதால், பேனாவைப் பிடித்தால் கை தன்னால் அந்த வழியில்தான் போகிறது.

"இத்தன பேருக்குக் காய்ச்சல்னா ஹெல்த் இன்ஸ்பெக்டருக்குல்ல சொல்லணும்?" என்றார் பூமிநாதன்.

அந்தக் காய்ச்சல்காரர்களில் ஒருவன் சுந்தரபாண்டி. முப்பத்து நான்கு வயது. நரிக்குடி ரோட்டில் உள்ளே போகிற ஊரில் ஆறு ஏக்கர் கரிசல், அதில் மக்காச்சோளமும் மிளகாயும். அப்பா இல்லை, அம்மா சோலையம்மாள் மட்டும். வாயைத் திறந்து பேசினால் காசு கொடுக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டது போல இருப்பான். பதினோரு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. காப்பி குடிக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும். "மாப்ள என்ன வேல?" என்று கேட்டு, "வெவசாயம்" என்று பதில் வந்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

கடைசியில் தரகரே மனம் பொறுக்காமல் ஒரு வழி சொன்னார். விருதுநகர் ரோட்டில் ஒரு நூல் மில் குடோனுக்கு ஸ்டோர் கீப்பர் எடுக்கிறார்கள். எழுத்துப் பரீட்சை உண்டு. இங்கிலீஷில் ஒரு பக்கம் கொடுப்பார்கள், படித்துவிட்டு ஒரு பக்கம் சொந்தமாக எழுத வேண்டும். காலையில் காட்டைப் பார், ராத்திரி ஷிப்டுக்குப் போ, பெண் வீட்டில் மில் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் அவன் மாடிப்படி ஏறி வந்தான்.

கடையில் வாங்கிய புத்தகத்தில் வாசிப்புப் பாடங்கள் இருந்தன. ஒன்றில் லண்டனில் பனி பெய்தது. இன்னொன்றில் ஒரு குடும்பம் கடற்கரையில் கூடாரம் அடித்தது. வகுப்பு மரியாதையாக வாசித்தது, கேள்விக்கு மரியாதையாகப் பதில் எழுதியது, மறுபடி காய்ச்சலில் விழுந்தது. முருகலட்சுமி புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டாள். அடுத்த செவ்வாய் தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதி, கீழே பூமிநாதனிடம் கொடுத்து ஒன்பது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பக்கத்தில் அருஞ்சுனை என்று ஒருத்தி இருந்தாள். வயது இருபத்தொன்பது. வீரசோழன் பஸ் போகிற பாதையில் ஒரு ஊர். தையல் மிஷின் வைத்திருக்கிறாள், பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டுகிறாள். வெள்ளாட்டங்குட்டி ஒன்று வளர்க்கிறாள், அதற்குக் கலெக்டர் என்று பெயர். அன்றைக்கு எக்ஸெல் ரிப்பேர். குட்டிக்கு வயிற்றுப்போக்கு. மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வருகிறாள். கண்டக்டர் லக்கேஜ் போடணும் என்கிறார். கலெக்டரை லக்கேஜ் என்கிறாயா என்று இவள் சண்டைக்கு நிற்கிறாள். பஸ் இரண்டாகப் பிரிந்து கத்துகிறது. அந்த இடத்தில் பக்கம் முடிந்துபோயிற்று.

"டீச்சர், அப்புறம் டிக்கெட் எடுத்தாளா இல்லையா?" என்றான் மதன்குமார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதுங்க."

எழுதினார்கள். எட்டு வரி, பத்து வரி. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. மதன்குமார் மட்டும் கண்டக்டர் பக்கம் நின்று ஒன்றரைப் பக்கம் வாதாடியிருந்தான்.

இதில் முருகலட்சுமி ஒரு தப்புப் பண்ணினாள், அதுவும் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அருஞ்சுனைக்குப் பெயர் வைத்தாள், ஆட்டுக்குட்டிக்கும் பெயர் வைத்தாள், ஊரின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டாள். திருச்சுழிப் பக்கம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஊரைச் சொல்லாமல் போக முடியுமா? எந்த ஊரு, யாரு மக, தாய்மாமன் யாரு என்று மூன்றும் தெரிகிற வரைக்கும் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. இரண்டாம் வாரமே வகுப்பு துப்பறியக் கிளம்பிவிட்டது. தன் பெரியம்மா ஊரில் ஒரு தையல்காரி எக்ஸெல் ஓட்டுகிறாள் என்று மாரிக்கனி சத்தியம் செய்தாள். "அது இவ இல்லக்கா, அவ கல்யாணமானவ" என்று சத்யபிரியா மறுத்தாள். முருகலட்சுமி சிரித்துக்கொண்டாள். சண்டை போடட்டும், சண்டை போட்டால் எழுதுவார்கள் என்று நினைத்தாள்.

நான்காம் வாரம் அருஞ்சுனைக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதச் சொன்னாள். இங்கேதான் அவளுடைய வேலை முறையைச் சொல்ல வேண்டும். எழுதி வருவதை அவள் உடனே திருத்த மாட்டாள். பிழை எங்கேயும் ஓடிப்போகாது என்பாள். முதலில் கேள்வி கேட்பாள், ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி. இந்தத் தடவை அந்தக் கேள்விகளை அருஞ்சுனையே கேட்பது போல அரைப்பக்கக் கடிதமாக எழுதி, கீழே 'அன்புடன், அருஞ்சுனை' என்று போட்டுத் தந்தாள்.

சுந்தரபாண்டியின் கடிதம் மூன்றே வரி. நான் விவசாயி. பன்றி என் மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டது. தங்கள் உண்மையுள்ள சுந்தரபாண்டி. அதற்கு அருஞ்சுனை எழுதினாள்: பன்றி எந்தப் பக்கமாக வந்தது? மாடு இல்லை, பன்றிதான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? காலையில் வந்து பார்த்ததும் உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?

அடுத்த வியாழன் சுந்தரபாண்டி பதின்மூன்று வரி எழுதி வந்தான். அதற்கு மூன்று கேள்வி போயிற்று. அதற்கு அடுத்து முக்கால் பக்கம். வாயில் ஒரு வார்த்தை கிடையாது, தாளை நீட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வான். எழுத்தில் மட்டும் ஓடையும் கருவேலங்காடும், தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு முழித்துக் கிடந்த ராத்திரிகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முருகலட்சுமி ஜெராக்ஸ் கடைக்கு இறங்கி வந்து புருஷனிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

"அந்த ஊமைப் பயலா?" என்றார் பூமிநாதன்.

"ஊமையாம்! அவர் எழுதுறத வாசிச்சுப் பாருங்க, வாய மூட மாட்டீங்க."

பரீட்சைக்கு முந்தைய புதன்கிழமை. காலை பத்தரைக்குக் கடை வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். பட்டுச்சேலையில் சோலையம்மாள், கஞ்சி போட்ட வேட்டியில் அவள் தம்பி சீனிச்சாமி. அவர் கையில் எவர்சில்வர் தாம்பாளம். தாம்பாளத்தில் வாழைப்பழச் சீப்பு, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூ.

"டீச்சரம்மா இருக்காகளா?"

முருகலட்சுமி இறங்கி வந்தாள். சோலையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, நல்லாருப்ப. இன்னைக்கு வளர்பெற, நாளும் நல்ல நாளு. அந்தப் பிள்ளைக்குப் பூ வச்சு ஒறுதி பண்ணிரலாம்னு வந்திட்டோம். ஊரு மட்டும் தெரியல. வீரசோழன் பஸ்ஸுல வார வழில எறங்கி எறங்கி விசாரிச்சிட்டோம். ஒருத்தருக்கும் தெரியலங்காக."

"எந்தப் பிள்ளைக்கும்மா?"

"அருஞ்சுனைக்குத்தான்."

ஜெராக்ஸ் மிஷினில் தாள் சிக்கிக்கொண்டது. பூமிநாதன் அதை எடுக்கக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

விஷயம் இதுதான். வாராவாரம் சுந்தரபாண்டி ஜெராக்ஸை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறான். கண்டக்டர் சண்டை, கலெக்டரின் வயிற்றுப்போக்கு, எல்லாம். பிறகு அருஞ்சுனை அவனுக்கு எழுதிய கடிதங்களையும் வாசித்துக் காட்டியிருக்கிறான். அதில்தான் சோலையம்மாள் விழுந்துவிட்டாள்.

"பதினோரு வீடு பாத்தாச்சு டீச்சரம்மா. ஒருத்தி எம் மகன நிமிந்து பாத்து ஒரு வார்த்த கேட்டிருப்பாளா? இந்தப் பிள்ள பன்னி எந்தப் பக்கமா வந்துச்சுன்னு கேக்குது. அம்மா என்ன சொன்னாகன்னு கேக்குது. என்னயக் கேக்குதுய்யா, பாக்காத என்னய! இதுக்கு மேல என்ன வேணும்? பவுனு வேணாம், ஒண்ணும் வேணாம். ஆட்டுக்குட்டியோட வரட்டும்."

சீனிச்சாமி தொண்டையைக் கனைத்தார். "தாய்மாமன் யாருன்னு மட்டும் சொன்னீகன்னா மொற பாத்துக்கிரலாம்."

முருகலட்சுமி தாம்பாளத்தைப் பார்த்தாள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை அம்மா என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததும் சுந்தரபாண்டியின் முகம் கூடவே வந்தது. பரீட்சைக்கு ஐந்து நாள்தான் பாக்கி. மூன்று வரி எழுதிக்கொண்டிருந்தவன் இப்போதுதான் ஒரு பக்கத்தை எட்டியிருக்கிறான், அதுவும் அருஞ்சுனைக்கு எழுதுவதாக நினைத்துத்தான். அவள் இல்லை என்று இன்றைக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை மறுபடி காய்ச்சல் லெட்டர்தான் எழுதுவான். சொல்லாவிட்டாலோ, இந்த அம்மா தாம்பாளத்தோடு ஊர் ஊராக இறங்கி ஏற, ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது.

"நான்... கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றாள். அவளுக்கே அவள் குரல் பிடிக்கவில்லை.

"கேளு தாயி. பூவ மட்டும் நீ வச்சுக்க, வாடிரும்" என்று சோலையம்மாள் அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் பூமிநாதன் நிமிர்ந்தார். "எப்பா! தைரியமான மனுஷிதான் நீ. ஒரே நேரத்துல பொண்ணாவும் தரகராவும் இருக்க."

"சிரிக்காதீக. இப்ப என்ன செய்யன்னு சொல்லுங்க."

"எதுக்குக் கலங்குற? அருஞ்சுனைக்கு வேற எடத்துல கல்யாணம் முடிச்சிரு. ஒரு பக்கம் எழுது, சோலி முடிஞ்சுது. அந்தம்மாவும் விட்ரும், பயலும் விட்ருவான்."

ஜெராக்ஸ்காரரின் யோசனையைக் கேட்டது அவள் செய்த இரண்டாவது தப்பு.

வியாழக்கிழமை அருஞ்சுனைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி மானேஜர். தையல் மிஷினை விற்றாள், கலெக்டரைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள், பஸ் ஏறினாள். முருகலட்சுமி எழுதியதிலேயே உயிரில்லாத பக்கம் அதுதான். வாசித்து முடித்ததும் வகுப்பு கொதித்துப்போயிற்று.

"கலெக்டரக் குடுத்துட்டாளா? சான்ஸே இல்ல டீச்சர். நீங்க யாரையோ எழுதிட்டு அவ பேரப் போட்டிருக்கீங்க" என்றாள் சத்யபிரியா.

"மிஷின விக்கிறவளா அவ? மனசாட்சி வேணாமா டீச்சர்?" என்றாள் மாரிக்கனி. அவள் கண் கலங்கியே விட்டது.

"சரி. பிடிக்கலேன்னா ஏன் பிடிக்கலேன்னு எழுதுங்க" என்று முருகலட்சுமி முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கு எழுதியது போல அந்த வகுப்பு என்றைக்கும் எழுதியதில்லை. பேனாச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஏழரைக்கு எல்லோரும் தாளை மேஜையில் வீசிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். சுந்தரபாண்டி மட்டும் தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தான். நிமிர்ந்து பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

அவள் நின்றபடியே பிரித்தாள். ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கம். சின்னச் சின்ன வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'டீச்சர், அருஞ்சுனை இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வாரமே வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பாதை முழுக்கப் போய்ப் பார்த்தேன். எல்லா டீக்கடையிலும் கேட்டேன். யாரும் இல்லை. கடிதம் வந்தபோது அவளும் நீங்களும் ஒரே சிவப்புப் பேனாவில் எழுதுவதைப் பார்த்தேன். ஆனால் நான் தொடர்ந்து எழுதினேன். காரணம், கேள்விகள் உண்மையானவை. பதினோரு வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். என் காட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் வீட்டிலும் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா சோறு வேண்டுமா என்று கேட்பார்கள், நான் ஆமாம் என்பேன். அவ்வளவுதான். அருஞ்சுனை கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகு அம்மா வியாழக்கிழமை வாசலில் காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களை வேண்டாம் என்று சொல்லாத ஒரே பெண் அவள்தான். தாம்பாளம் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைக்கவில்லை, மன்னிக்கவும். அம்மாவிடம் உண்மையை நீங்கள் சொல்லுங்கள். எனக்கு வாயில் வராது. தயவுசெய்து அந்தத் திருப்பூர் மாப்பிள்ளையை அனுப்பிவிடுங்கள். அவன் நல்லவனாகத் தெரியவில்லை.'

முருகலட்சுமிக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. இவனுக்காகப் பயந்து பயந்து அவள் கட்டிய கல்யாணத்தைப் பார், இவனோ எட்டு வாரமாக அவளுடைய பொய்யை அவளுக்காகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அதற்கிடையிலும், இரண்டு பக்கத்தில் பிழை ஆறோ ஏழோதான் என்று அவள் மனசு ஒரு ஓரத்தில் எண்ணிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் அவள் சுந்தரபாண்டியின் ஊருக்குப் போய் இறங்கினாள். சோலையம்மாள் வாசலில் மிளகாய் வத்தலைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வா தாயி. ஒத்துக்கிட்டாகளா?"

முருகலட்சுமி சுற்றி வளைக்கவில்லை. வத்தல் குவியலுக்கு எதிரே சாக்கில் உட்கார்ந்தாள். "அம்மா, அருஞ்சுனைன்னு யாரும் இல்ல. பாடத்துக்காக நான் எழுதுன கத. கடுதாசியும் நான்தான் எழுதினேன். முந்தாநாளே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடது."

சோலையம்மாள் கையில் இருந்த வத்தல் அப்படியே நின்றது.

"எக்ஸெல்லு வண்டி?"

"அதுவும் கததாம்மா."

"கலெக்டரு?"

"இல்லம்மா."

"கலெக்டருமா இல்ல!" என்று சோலையம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பச்சப் பொய்யி! படிச்ச பொம்பள செய்யிற வேலையா இது? எந் தம்பி சொந்தக்காரன் எல்லார்ட்டயும் போன் போட்டுச் சொல்லிட்டான். தூக்கிச் சுமந்த தாம்பாளம் இந்தா கெடக்கு, தேங்கா கூட ஒடைக்கல. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவேன்?" கொஞ்ச நேரம் வைதாள். முருகலட்சுமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வைது ஓய்ந்ததும் அந்த அம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. "எம் மகனுக்குத் தெரியுமா? பாவி மகன், அவன் ஒடஞ்சு போவானே."

"அவருக்குத் தெரியும். அவர்தான் உங்ககிட்டச் சொல்லச் சொல்லி எழுதியிருக்காரு. வாசிக்கட்டுமா?"

தாளை எடுத்து ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். டீக்கடைகள், சிவப்புப் பேனா, பதினோரு வீடு. சோறு வேண்டுமா என்ற வரியையும் விடாமல் வாசித்து முடித்தாள். சோலையம்மாள் வத்தல் கையோடு கண்ணைத் துடைக்கப் போனாள். முருகலட்சுமி எட்டி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இம்புட்டுப் பேசுவானா இவன்?" என்றாள் சோலையம்மாள்.

"இதுக்கு முந்தி எழுதுனதும் இருக்கு. பன்னி வந்த கதையே எல்லாம் சேத்தா மூணு பக்கம் வரும்."

"அந்தக் கேள்விய மட்டுந்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுனான். இவன் என்ன பதில் எழுதுனான்னு நான் கேக்கவே இல்லயே." தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியாத அந்த அம்மா, மகன் எழுதியதை மேலிருந்து கீழ் வரைக்கும் விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, "அந்தத் திருப்பூர்க்காரன அனுப்பிச்சிரு டீச்சரம்மா. இல்லாத பிள்ளதான், இருந்தாலும் அவனுக்குக் கட்டிக் குடுக்காத" என்றாள்.

திங்கட்கிழமைப் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம். கொடுத்த தாள் போதாமல் சுந்தரபாண்டி இன்னொரு தாள் வாங்கி எழுதினான். இப்போது ராத்திரி ஷிப்டில் பஞ்சு மூட்டை இறங்குவதை இங்கிலீஷில் குறித்துக்கொண்டிருக்கிறான். பன்னிரண்டாவது வீடு இன்னும் பார்க்கவில்லை. பார்க்கிற வீட்டில் பெண் ஏதாவது கேள்வி கேட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சோலையம்மாள் தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. தேங்காயை உடைத்து டீச்சருக்கு ஒரு கீற்றும் பழமும் கொடுத்தாள் சோலையம்மாள். ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று முருகலட்சுமி எழுந்தபோது, வண்டியில் பின்னால் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு சுந்தரபாண்டி வந்தான். டீச்சரையும் அம்மாவின் மடியில் கிடந்த தாளையும் பார்த்தான். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்து பிடித்தபடியே நின்றான்.

சோறு போடவா என்றுதான் அந்த வீட்டில் முதல் கேள்வி வரும். சோலையம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள், வத்தலைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"ஏய்யா, அந்தப் பன்னி எந்தப் பக்கமா வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். ரோட்டில் ஐந்தரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. முருகலட்சுமி அசையவில்லை.

"வடக்க" என்றான். பிறகு வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தான். "இது ஓட. இந்தா இங்கிட்டு நம்ம வரப்பு. மொத நா ராத்திரி ரெண்டு குட்டியோட வந்துச்சும்மா..."

"ம்" என்றாள் சோலையம்மாள். "அப்புறம்?"